கடைசிப் பெட்டி ரொட்டி

டியூட்டிக்குக் கிளம்புமுன் ஜம்புலிங்கம் நாயின் வாயை முகர்ந்து பார்ப்பார். குனிந்து, இரண்டு கையாலும் தாடையைப் பிளந்து, மூக்கை உள்ளே விடாத குறையாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகு நாக்கின் நிறம், ஈறின் நிறம். எல்லாம் சரி என்று மனம் ஒப்பினால்தான் கூட்ஸ் வண்டி கார்டுக்குரிய வெள்ளைக் கோட்டு தோளில் ஏறும். லாந்தர் என்கிற அந்த நாய் பழகிய பிராணி. கோட்டை ஆணியிலிருந்து எடுக்கிற சத்தம் கேட்டாலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். முத்தாபுதுப்பேட்டையில் பிறந்த நாட்டு நாய்தான். இருட்டில் கண் இரண்டும் மினுங்குவதால் அதற்கு அந்தப் பெயர்.

"நான் ஜொரத்துல கெடந்தப்ப நெத்தியத் தொட்டுப் பாக்கல இந்த மனுசன். நாய்க்குப் பல்லு எண்ணிகினு கீறாரு" என்பாள் அவர் மனைவி தாட்சாயிணி. அது மட்டும் அவர் காதில் விழாது.

வீடு ஆவடிக்குச் சற்று இப்பால், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அந்த வேலிதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இதற்கு முன் வளர்த்த நாய், அவர் குண்டக்கல் போயிருந்த சமயம், வேலியோரம் யாரோ வீசிய வடையைத் தின்றது. வடைக்குள் எட்டிக்கொட்டையை அரைத்து வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் கால் நாலும் விறைத்துவிட்டது. மூன்றாம் நாள் வீடு திரும்பியவர் பார்த்தது முருங்கை மரத்தடியில் புது மண் மட்டும்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார். வீசியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அதனால் எல்லோர் மீதும் சந்தேகம் வைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுத் துலுக்கானம் முதல் ஆள், ஏனென்றால் செத்த நாய் அவன் கோழிகள் இரண்டை ருசி பார்த்திருந்தது. ரயில்வே கேட்டுக்காரன் கோதண்டம் நாயைக் கண்டால் கல்லெடுக்கிறவன், ஆகவே அவன் இரண்டாவது. யுத்தம் வந்த பிறகு ஆவடியில் கூடாரம் அடித்திருக்கும் பட்டாளத்துக்காரர்கள், ஊர் பேர் தெரியாதவர்கள் என்பதற்காகவே மூன்றாவது.

ஒருமுறை துலுக்கானம் நல்லெண்ணமாக ஓர் ஆட்டெலும்பை இலையில் மடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணாத்தே, கறி எடுத்தோம். நாய்க்குப் போடு."

"மொதல்ல நீ கடி" என்றார் ஜம்புலிங்கம்.

துலுக்கானம் ரோஷக்காரன். அங்கேயே நின்று கடித்து, உறிஞ்சி, "இன்னா, செத்துட்டனா?" என்று கேட்டான். அவன் போனதும் எலும்பைக் குழி தோண்டிப் புதைத்தார். மறுநாள் காலையிலும் வேலிமேல் எட்டி, அவன் நடமாடுகிறானா என்று பார்த்துக்கொண்டார்.

லாந்தரை ஒரு மாதம் பழக்கினார். கண்டவரையெல்லாம் கூப்பிட்டுப் பன் ரொட்டியை நீட்டச் சொல்வார். நாய் மூக்கை நீட்டினால் கொடிக் கம்பால் மூக்கில் ஒரு தட்டு. இப்போது அது அவர் கையையும் தாட்சாயிணி கையையும் தவிர வேறு எந்தக் கையையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தின்பண்டம் என்றால் அவரே சுடும் கேழ்வரகு ரொட்டி. மாவை அவரே சலிப்பார். டின்னை அவரே மூடுவார்.

அப்படியும் பட்டணம் போய் வண்டியேறினால் மனம் வீட்டில்தான். அவருடைய கூட்ஸ் வண்டி அந்த வேலியைத் தாண்டித்தான் அரக்கோணம் போகும். நாய் நலமாக இருந்தால் வேலிமேல் வெள்ளைத் துண்டு போடவேண்டும் என்பது மனைவிக்கு உத்தரவு. துண்டைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி வரும். உடனே, காலையில் போட்ட துண்டாக இருந்தால்? இடையில் ஏதாவது ஆகியிருந்தால்? துண்டின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே கடைசிப் பெட்டியில் நின்றபடி ஒரு துண்டு ரொட்டியை வீசுவார். லாந்தர் கூடவே ஓடிவந்து, சற்றுத் தள்ளி இருக்கும் பனைமரத்தடியில் அதைக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற நாய் நல்ல நாய். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

போன வாரம் அவர் திரும்பி வந்த வண்டி, வீட்டுக்கு ஒரு பர்லாங் முன்னால் கைகாட்டி இறங்காமல் நின்றுவிட்டது. பெட்டிப் படியில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியோரத்துத் தண்டவாளத்தில் எதிரே பட்டாள ஸ்பெஷல் வண்டி ஒன்று வந்தது. படுத்திருந்த லாந்தர் எழுந்தது. அந்த வண்டியின் கடைசிப் பெட்டியோடு ஓடியது. ஜன்னலிலிருந்து ஒரு கை எதையோ எறிந்தது. பனைமரத்தடியில் நாய் அதைக் கவ்வியது.

"டேய்! துப்புடா! லாந்தர்!" என்று கத்தினார். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கார்டு பெட்டியைவிட்டு இறங்கக்கூடாது. வண்டி கிளம்பி வீட்டைத் தாண்டும்போது நாய் நாக்கைச் சுழற்றி மோவாயை நக்கிக்கொண்டிருந்தது. அரை மணி, அரை மணி என்று அடித்துக்கொண்டது அவர் நெஞ்சு. பட்டணத்தில் வண்டியை ஒப்படைத்து, பாசஞ்சர் பிடித்து, ஓட்டமாக வீடு வந்து சேர்ந்தார். லாந்தர் வாலை ஆட்டிக்கொண்டு வந்து வாயைத் திறந்து காட்டியது. இனிப்பு பிஸ்கோத்து வாசனை.

"தெனம் தின்னுதே, இன்னிக்கு இன்னா புச்சா?" என்றாள் தாட்சாயிணி. "இந்தப் பக்கம் போற வண்டிக்கெல்லாம் ஓடும். எவனாச்சும் எதுனா போடுவான்."

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"துண்டு போடச் சொன்னீங்க, போட்டேன். அது மேல இன்னா தப்பு? கையில குடுத்தா தொடாது. கடைசிப் பொட்டியிலேருந்து வுழுந்தா நீங்க போட்டதுன்னு நெனச்சுகினு தின்னுது. நீங்க பழக்கனதுதானே?"

ஜம்புலிங்கம் தண்டவாளத்தைப் பார்த்தார். எத்தனை வண்டி, எத்தனை கடைசிப் பெட்டி, எத்தனை கைகள்! துலுக்கானத்தையும் கோதண்டத்தையும் வேலியோடு நிறுத்தியவர், வழியில் போகிற ஊரையெல்லாம் தன் கையாலேயே உள்ளே விட்டிருக்கிறார். அன்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த டியூட்டி. வேலியில் வெள்ளைத் துண்டு கிடந்தது. கடைசிப் பெட்டி நெருங்கியதும் லாந்தர் ஓடத் தொடங்கியது. பனைமரம் வந்தது, போயிற்று. ஒன்றும் விழவில்லை. நாய் நிற்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி, நாக்கு தொங்க, இதுவரை வராத தூரம், மதகுவரை ஓடிவந்தது. ஜம்புலிங்கம் கோட்டுப் பையிலிருந்த ரொட்டியை எடுத்து, அது பார்க்கும்படி முழுவதையும் தன் வாயில் திணித்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.