மீன் வாய்த் தண்ணீர்

பிரெஞ்சுக் கொடி இறங்கின பிறகு, புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கப்பலேறும் முன் வீட்டுச் சாமான்களை விற்றது. பீரோவுக்கும் நாற்காலிக்கும் அடிதடி. நான் வாங்கியது ஒரு சிமென்ட் தொட்டி. நடுவில் வாயைத் திறந்தபடி ஒரு மீன். குழாயில் தண்ணீர் விட்டால் மீன் வாயிலிருந்து பீய்ச்சும். வைக்கோல் மெத்தை போட்டு மாட்டுவண்டியில் பாகூருக்குக் கொண்டுவந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மச்சான், மீனு வாந்தி எடுக்குமா?" என்றார்.

வாசல் தோட்டம் முழுக்க அந்த மீனுக்காகவே போட்டேன். நாலு பக்கமும் செங்கல் பாதை, ஓரமெல்லாம் கனகாம்பரம், மூலைக்கொரு ரோஜா, எதிரே விருந்தாளிகள் உட்கார சிமென்ட் பெஞ்சு. எங்கள் தெருவுக்குக் கரண்டு வரவில்லை. அதனால் கிணற்றருகே உயரமாய் மேடை கட்டி, மேலே ஒரு சின்னத் தொட்டி வைத்தேன். அதில் ஊற்ற ஊற்றத்தான் மீன் பீய்ச்சும். கை நின்றால் மீனும் நின்றுவிடும். மேடை கண்ணில் பட்டால் அழகு கெட்டுவிடுமே என்று, குறுக்கே மூங்கில் தட்டி கட்டி முல்லையை ஏற்றினேன். அதையே பெரிய கெட்டிக்காரத்தனமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஊற்றியது என் மனைவி. விருந்தாளி வண்டி தெருமுனை திரும்பும்போதே குடத்தைத் தூக்கிவிடுவாள். படியேறி, படியேறி நாற்பது குடம். 'ஊரார் வூட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்பார்கள். எனக்கு ஊரார் நெய்கூடத் தேவைப்படவில்லை. பொண்டாட்டி கையே போதுமாயிருந்தது.

ஒரு பொங்கலுக்கு வந்த என் அக்கா அவளிடம், "கொடுத்து வச்சவடி நீ. தெனம் இதைப் பார்த்துக்குனே காபி குடிப்ப" என்றாள்.

ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே அவள் சிரித்தாள். "எங்க பார்க்கறது அண்ணி, நான் பார்த்ததே இல்லியே. அது பீய்ச்சறப்ப நான் தட்டிக்குப் பின்னாலல்ல நிக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரோஜாவைப் பார்த்தேன்.

மறுநாள் அக்கா கிளம்பியதும், என் மனைவியை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் குடம் தூக்கினேன். ஏழாவது குடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்தாவதில் படியில் சறுக்கி முழங்கால் தேய்ந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. "வருதா?" என்று கத்தினேன்.

அவளே சுற்றிக்கொண்டு வந்தாள். "வருது. நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

இரண்டு திட்டு திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

"மூச்சு வாங்குது உங்களுக்கு. குடுங்க" என்று கையை நீட்டினாள்.

நானும் குடத்தைக் கொடுத்துவிட்டேன்.