நாற்பது நிமிடத்தில் அறுந்த கூந்தல்

குருவிட்ட பஸாரில் பிரேமலதாவின் சலூனில் நிலுஷா சேர்ந்து மூன்று வருடம். றப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாள். உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு பி எடுத்தவள்; கம்பஸ் போகப் புள்ளி போதவில்லை.

அன்று முடியை நேராக்கத் தாயுடன் வந்தவள் ஹப்ஸா. அடுத்த வாரம் கல்யாணம். செம்பட்டை நிறமேற்றிய கூந்தல். நிலுஷா ஓர் இழையை நனைத்து இழுத்துப் பார்த்தாள். காய்ந்த றப்பர் பால் இழைபோல நீண்டு அறுந்தது. உள்ளறைக்குப் போய்ப் பிரேமலதாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ், அது ப்ளீச் பண்ணின முடிங்க. நேராக்குற க்ரீம் தாங்காது. நான் போட மாட்டேன்."

"எனக்குப் படிப்பிக்க வராத, நங்கி. நானே போடுறேன். நாப்பது நிமிஷம் வச்சா ஹரி, எல்லாம் சரியாகிடும்."

அப்படியே வைத்தாள். கழுவும்போது கூந்தல் கொத்துக் கொத்தாகத் தொட்டியில் விழுந்தது. ஹப்ஸாவின் உம்மா அலறினார்.

"க்ரீம் கலந்தது இவதான்," பிரேமலதா நிலுஷாவைக் காட்டினாள். "தோட்டத்துப் புள்ளைய நம்பி வேலைக்கு வச்சேன் பாருங்க."

நிலுஷா க்ரீம் டியூப்பை எடுத்து அவள் முன் நீட்டினாள்.

"கலக்கிறதுக்கு அதுல என்ன மிஸ் இருக்கு? டியூப்ல வர்றபடிதானே போடுறது! முடிக்குள்ள கந்தகம் ரெண்டு ரெண்டா பிணைஞ்சு நிக்குது. முடியோட பலமே அந்தப் பிணைப்புலதான். க்ரீம் அதுக்கு இலத்திரன், அதான் எலக்ட்ரன், குடுக்குது. ஆளுக்கொண்ணு கெடைச்சதும் ரெண்டும் பிரிஞ்சிரும். முடி வளையும். ரெண்டாவது மருந்து அந்த இலத்திரனத் திரும்ப எடுத்தாத்தான் மறுபடி சேரும். ப்ளீச்சுல பாதிப் பிணைப்பு முன்னமே செத்துப் போச்சு. மிச்சத்தையும் நீங்க அறுத்துட்டீங்க. இனி எதைச் சேர்க்கப் போறீங்க?"

தலையில் சுற்றிய ஈரத் துவாயுடன் ஹப்ஸா நிலுஷாவிடம் திரும்பினாள்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். உள்ள போய் மிஸ்கிட்ட சொன்னேன்."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

நிலுஷா கத்தரிக்கோலை எடுத்தாள். எஞ்சிய முடியைக் காதளவுக்கு ஒழுங்காக வெட்டிவிட்டாள். ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினாள். மறுநாள் நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதி, ஹப்ஸாவுடன் போய்க் கொடுத்தாள். விசாரணை வந்தது. பிரேமலதா முடி நேராக்கும் வேலையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

இப்போது நிலுஷா இரத்தினபுரியில் வேறொரு சலூனில் இருக்கிறாள். முடியை இழுத்துப் பார்த்து, தாங்காது என்றால் நாற்காலியில் இருப்பவரிடமே நேராகச் சொல்கிறாள். முதலாளி முறைத்தாலும் குரலைத் தணிப்பதில்லை. பிரேமலதா மேலிருந்த கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. உள்ளறையில் மெதுவாகப் பேசிய தன் மேல்தான் இன்னும் ஆறவில்லை.