கயாக்கில் அண்ணன் அடைத்தவை

என் பெரியப்பா மகனுக்குக் கடல் என்பது படம் எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஒன்று. அதற்கு மேல் அதைப் பற்றி அவனுக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. அப்படிப்பட்டவனோடு கன்னியாகுமரியிலிருந்து கொச்சிவரை கயாக்கில் போக நான் சம்மதித்ததற்கு ஒரே காரணம், தனியாகப் போக விடமாட்டேன் என்று என் கணவர் சொல்லிவிட்டதுதான். துடுப்புப் போடத் தெரிந்தவன் என்று சொந்தத்தில் கிடைத்தது இவன் ஒருவன்.

நான் மஸ்கட்டில் நர்ஸாக இருந்த வருடங்களில் விடுமுறை நாட்களில் கயாக் பழகினேன். ஓர் ஆள் காலை நீட்டி உட்காரக்கூடிய ஒல்லிப் படகு. இருக்கைக்கு முன்னும் பின்னும் மூடி போட்ட அறைகள் உண்டு. சாப்பிட, படுக்க, காயத்துக்கு மருந்து போட என்று எல்லாமே அவற்றுக்குள் அடங்க வேண்டும். அண்ணனுக்கு நாகர்கோவிலில் செல்போன் கடை. கோவாவுக்குச் சுற்றுலா போனபோது இரண்டு தடவை கயாக்கில் ஏறியிருக்கிறான். அதைத் தன் யூடியூப் சேனலில் கடலோடு நடத்திய போராட்டம் என்று போட்டு, பின்னணிக்கு முரசு வேறு அடிக்கவிட்டிருந்தான்.

கொட்டாரத்தில் எங்கள் வீட்டு மாடியில் வைத்துச் சாமான் கட்டினோம். நான் என்னுடையவற்றைச் சின்னச் சின்ன நீர்புகாப் பைகளில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயைச் சுருட்டிப் பூட்டினேன். தண்ணீர்ப் பைகள்தான் ஆகக் கனம். அவை இருக்கையை ஒட்டி, அடியில் படுக்க வேண்டும். மாற்றுடுப்பு, தூங்கும் பை மாதிரி லேசானவை இரண்டு நுனிகளுக்கும் போகும். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. காய்கறிப் பையில் தக்காளியை மேலே வைக்கத் தெரிந்த எவருக்கும் புரியும். அண்ணனுக்குப் புரியவில்லை.

அவன் காரிலிருந்து இறக்கியதைப் பார்த்தபோது கல்யாண வீட்டுக்கு வந்தவன் போலிருந்தது. டிரோன் பெட்டி, அதற்கான பேட்டரிகள், ஒரு மடக்கு நாற்காலி, பாட்டுக் கேட்க ஸ்பீக்கர், தலைமுடிக்கு ஜெல், பிறகு அவன் முகத்தையே அச்சடித்த டி-ஷர்ட்டுகள் ஒரு கட்டு.

"இந்தச் சட்டையெல்லாம் எதுக்கு அண்ணே?"

"போற எடத்துல குடுக்காண்டாமா? நாலு பேருக்கு நம்மளத் தெரியாண்டாமா?"

"தண்ணிப் பைக்கு எடம் வேணும்லா?"

"ஒனக்கு இதொண்ணும் புரியாது, ஏட்டி. நீ ஊசி போட்டவ. நான் மார்க்கெட்டிங் பாக்கவன், கேட்டியா."

மறுநாள் பாரம் ஏற்றிய இரண்டு கயாக்குகளையும் ஊர்க்குளத்தில் இறக்கிப் பார்த்தோம். என்னுடையது நேராக மிதந்தது. அவனுடையது பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. லேசாகக் காற்று அடித்ததும் அந்த மூக்கு தானாகத் திரும்பியது. அவன் துடுப்பை எப்படிப் போட்டும் நிமிர்த்த முடியாமல் தாமரைக்கொடிக்குள் போய்ச் சிக்கினான். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி இழுத்து வந்தது என் கணவர்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். டிசைனே செரியில்ல" என்றான் அண்ணன்.

நான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முறையாக அடுக்கிக் கொடுத்தேன். டிரோன் பெட்டியும் நாற்காலியும் ஸ்பீக்கரும் சட்டைகளும் மாடியில் நின்றுவிட்டன. அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விடியற்காலையில் சின்னமுட்டத்திலிருந்து கிளம்பினோம். அவனுக்கு மாலை, பொன்னாடை எல்லாம் நடந்தது. குமரி முனையைச் சுற்றும்போது பாறைகளில் பட்டுத் திரும்பிய அலைகள் கயாக்கை எல்லாப் பக்கமும் உலுக்கின. அவனுடையது மறுபடியும் மூக்கைத் தூக்கியது. ஒவ்வொரு அலைக்கும் "எம்மோ" என்று கத்தினான். அவனுக்காக நின்று நின்று, வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் மணக்குடிக் கரையை அடைந்தோம்.

அவன் மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டான். எடுத்துக் கொடுக்கலாம் என்று அவன் கயாக்கின் பின்னறையைத் திறந்தேன். நான் வைத்த தண்ணீர்ப் பைகளில் ஒன்றுதான் மிச்சம். மற்றவை இருந்த இடத்தில் டிரோன் பெட்டியும் டி-ஷர்ட் கட்டும் உட்கார்ந்திருந்தன.

"தண்ணி எங்க அண்ணே?"

"வழியெல்லாம் ஊருதானே? குப்பித் தண்ணி வாங்கிக்கிடலாம்ணு நெனச்சேன்."

"மருந்துப் பையையும் காணல்ல?"

"நீதான் நர்ஸாச்சே."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். நான் பார்த்துக்கொண்டு நின்றபோதே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"தோளு வலிக்கு, ஏட்டி. நான் இதோட நிறுத்திக்கிடுதேன். நீயும் வா, பொறவு ஒருநாள் போலாம்."

ஒரு வேனுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தான் என்பது அது சிறிது நேரத்தில் வந்து நின்றபோது தெரிந்தது. நான் கணவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"நீ என்ன செய்யப்போற?"

"போறேன்."

"செரி. கரையேறுற எடத்துலேருந்தெல்லாம் விளி."

அண்ணனின் கயாக்கிலிருந்து அந்த ஒரு தண்ணீர்ப் பை, அடுப்புக்கான எரிவாயு, உபரித் துடுப்பு மூன்றையும் எடுத்து என்னுடையதில் இடம் பார்த்து வைத்தேன். பாரம் மாறியதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்க வேண்டியிருந்தது. அவன் அதற்குள் பொன்னாடையைத் திரும்பப் போர்த்திக்கொண்டு, கடலைப் பின்னால் வைத்து நேரலையில் பேசிக்கொண்டிருந்தான். மருத்துவ ஆலோசனையின் பேரில் விலகுகிறானாம். அங்கே இருந்த ஒரே மருத்துவ ஆள் நான்.

அன்று சாயங்காலம் ராஜாக்கமங்கலம் துறையில் கரையேறியதும் பெரியம்மாவின் போன் வந்தது.

"அவன நடுக்கடல்ல விட்டுட்டுப் போயிட்டியாமே, ஏட்டி? நடுங்கிட்டு வந்து நிக்கான்."

"மணல்லதான் நிண்ணான், பெரியம்மா. வேன்ல ஏறி வந்தான்."

"மணலோ கடலோ, அண்ணன இப்பிடி விட்டுட்டுப் போவாளா ஒருத்தி?"

நான் சோறு பொங்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன். பெரியம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. அண்ணன் பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறான். பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று பிடித்துவிடும் என்பதால் மீதி வழியில் தினமும் விடியும் முன்பே துடுப்பெடுத்தேன். கொல்லம் தாண்டியதும் மணிக்கட்டு வீங்கியது. துணி சுற்றிக்கொண்டு இரண்டு நாள் கரையில் கிடந்தேன். ஆனால் போய்ச் சேர்ந்தேன். கொச்சிக் கரையில் காத்திருந்த கணவர் கயாக்கின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி, காலியா இருக்கு?" என்றார்.

"தின்னு தீத்துட்டேன்" என்றேன்.