சத்தம் புகாத சுவர்

கொத்தனாருக்குச் சரளமாக வருவது ஒரே ஒரு பொய்தான். சாப்பிட்டாயிற்றா என்று யார் கேட்டாலும் "ஆச்சு" என்பார். மனைவி போன பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் தினமும் போனில் அதைத்தான் கேட்பாள். அடுப்புப் பக்கமே போகாமல் அவரும் அதைத்தான் சொல்வார். அவள் நிம்மதியாக வைத்துவிடுவாள். அன்றைக்கு அவர் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தப் பாழடைந்த வீட்டு வேலை வந்தது. கூரை நிறைய வௌவால், சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம், நடுவில் ஊரையே கூட்டி உட்கார வைக்கலாம் போல ஒரு கூடம். படம் வரைகிறவர்களும் எழுதுகிறவர்களும் வந்து தங்கி வேலை செய்கிற இடமாக மாற்றப் போவதாக வீட்டை வாங்கிய அம்மாள் சொன்னார். படம் வரைய எதற்கு வீடு விட்டு வீடு வர வேண்டும் என்று கொத்தனாருக்குப் புரியவில்லை. வேலை கொடுக்கிறவரிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா?

அந்த மாதங்கள் அவருக்குப் பொற்காலம். மத்தியானமானால் தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன், சித்தாள் பெண்கள் எல்லோரும் கூடத்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறப்பார்கள். பெயின்டர் தன் மாமியார் கதையை எடுத்தால் எல்லோருக்கும் புரையேறும். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை இருக்கும். கொத்தனார் ஒரு சுற்றுப் பெருத்தே விட்டார். வேலை முடிந்துவிடப் போகிறதே என்ற பயத்தில், நூல் பிடித்தாற்போல் நின்ற ஒரு சுவரைக் கோணல் என்று சொல்லி அவரே இடித்து மறுபடி கட்டினார். தச்சருக்கு மட்டும் அது தெரியும்.

கடைசியில் கூடத்தையும் அறைகளாகத் தடுக்க வேண்டியிருந்தது. தங்குகிறவர்களுக்குத் தனிமைதான் முக்கியம், ஓர் அறையில் இருமினால் அடுத்த அறைக்குக் கேட்கக்கூடாது என்றார் அம்மாள். தாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தின் நடுவிலேயே கொத்தனார் கனமான சுவரை எழுப்பினார். கதவு விளிம்புகளில் தச்சர் ரப்பர் பட்டை ஒட்டினார். இரண்டு பேருக்கும் தொழிலில் குறை வைக்கத் தெரியாது.

அதன்பின் காவலுக்கு நானே இருக்கிறேன் என்று கொத்தனார் கேட்டு வாங்கிக்கொண்டார். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்களே என்ற ஆசை. ஆட்களும் வந்தார்கள்; வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாப்பாட்டு கேரியரை அறை வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட வேண்டும், கதவைத் தட்டக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று அம்மாளின் கண்டிப்பான உத்தரவு. தனிமைதான் வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே, அள்ளிக் கொடுத்திருப்பேனே என்று நினைத்துக்கொள்வார். சிரிப்புதான் வராது. சமையலறை மேடையோரம் நின்றபடியே சாப்பிடுவார். பல நாள் அதுவும் கிடையாது.

ஒரு சாயங்காலம், படம் வரையும் பெண் ஒருத்தி கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவருடைய மகள் வயதிருக்கும். வந்த நாளிலிருந்து யாரோடும் பேசாத பெண்.

"ஐயா, சாப்டாச்சா?"

"ஆச்சும்மா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஓ... சரிங்கய்யா."

அவள் முகம் வாடியதை அவர் கவனித்தார். ஏன் என்று பிடிபடுவதற்குள் திரும்பிப் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. சத்தமே வரவில்லை, அவரும் தச்சரும் செய்த வேலையின் லட்சணம் அப்படி.

மேடையில் அவருடைய டப்பா திறக்காமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அவள் நலம் விசாரிக்க வரவில்லை, கூட உட்கார்ந்து சாப்பிட வந்திருக்கிறாள். தேடி வந்தவளை வாயாலேயே விரட்டிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். இப்போது போய்த் தட்டினால் இருக்கிற வேலையும் போகும். போனால் மறுபடி அந்தக் காலி வீடு, அந்த போன். டப்பாவைத் திறந்தார். மூடினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

உள்ளே கேட்கவில்லை போலிருக்கிறது. கையை மடக்கி ஓங்கித் தட்டினார்.

அவள் திறந்தாள். பின்னால் தரையில் கேரியர் இன்னும் பிரிக்காமலே இருந்தது.

"பொய் சொல்லிட்டேம்மா," என்றார். "நான் இன்னும் சாப்பிடல."