பூவரச மரத்தடியில் கவிழ்த்த போத்தல்

ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல் பரவிய வருஷம் அது. கல்பிட்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், ஊர்த் தலைவரான விதானையின் உத்தரவுப்படி பெண்களெல்லாம் மருந்துச்சாலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் போத்தலில் கொயினா மருந்து வாங்கினோம். என் மகள் சபியாவுக்கு ஆறு வயது. மூன்று நாளாக நடுக்கமும் காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தன.

கொயினா குடித்தால் பிள்ளைக்குக் காது அடைத்துவிடும் என்று ஊரில் ஒரு கதை. திரும்பும் வழியில் பூவரச மரத்தடியில், பக்கத்து வீட்டுச் சல்மா ராத்தா முதல் ஆளாகத் தன் போத்தலைக் கவிழ்த்தார். மற்றவர்களும் கவிழ்த்தார்கள். நான் தயங்கினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நானும் ஊற்றிவிட்டேன்.

அதிலிருந்து எட்டாம் நாள் சபியா மூச்சடங்கி மவுத்தாகிவிட்டாள்.

அவளுக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் சல்மா ராத்தா வந்து அழுதார். அவருடைய மகன் அதே காய்ச்சலிலிருந்து எழும்பியிருந்தான்.

"நான் ஊத்தினது வேற போத்தல்ல கொண்டுவந்த வெறும் தண்ணி, புள்ள. மருந்துப் போத்தல் மடியில இருந்திச்சு. நான் மட்டும் குடுத்தா ஊர் என்ன கதைக்குமோண்டு பயந்துதான் முதல்ல ஊத்தினன்."

அவரைக் கோபிக்க எனக்கு வாயில்லை. அவர் ஊற்றியது தண்ணீர். நான் ஊற்றியது மருந்து.

இப்போது இளைய மகனுக்கு மருந்து வாங்கினால், வீடு வரும்வரை நான் பொறுப்பதில்லை. அந்த மரத்தடியிலேயே எல்லாரும் பார்க்க அவனுக்குக் குடிக்கக் கொடுக்கிறேன். அதன் பிறகுதான் வெறும் போத்தலைக் கவிழ்க்கிறேன்.