ஆணிவாய் மாப்பிள்ளை

என் தங்கை வீட்டுக்காரருக்கு சோபாவுக்கும் நாற்காலிக்கும் குஷன் போடுகிற வேலை. ஒரு பிடி சின்ன ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒன்றைப் புரட்டி, தலை வெளியே தெரியும்படி உதட்டில் நிறுத்துவார். காந்தச் சுத்தியல் அதைக் கவ்வும். மறு நொடி ஆணி துணியோடு மரத்துக்குள் இறங்கியிருக்கும். ஒருமுறை அவர் போட்ட தும்மலில் ஆணிகள் பறந்துபோய், எதிர்ச்சுவர் நாட்காட்டியைச் சுற்றி வரிசையாகக் குத்தி நின்றன என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் மறுத்ததே இல்லை. வாயில் ஆணி இருக்கும்போது எப்படி மறுப்பது?

தெருவில் அவருக்கு ‘ஆணிவாய்’ என்றே பெயர். முன்னறை பட்டறை, பின்னறை வீடு. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் என் தங்கைதான்.

“எது கேட்டாலும் ‘ம்ம்’தானா? உங்களுக்குப் பதிலா ஒரு ஆட்டைக் கட்டியிருந்தா ‘ம்மே’ன்னு கொஞ்சம் நீட்டியாவது சொல்லியிருக்கும்!”

“ம்ம்.”

ஆணி குத்தி அவர் ஈறில் அடிக்கடி ரத்தம் கசியும். துப்பிவிட்டு வேலையைத் தொடர்வார். சிறுவயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சலொன்று அவருடைய இதய வால்வில் ஒரு தழும்பை விட்டுப் போயிருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த மழைக்காலத்தில் சாயங்காலமானால் அவருக்கு உடம்பு லேசாகச் சுட்டது. தூக்கத்தில் சட்டை நனைய வியர்த்தது. தங்கை, தனக்குப் பல் வீங்கியபோது வாங்கி மிச்சம் வைத்திருந்த மாத்திரைகளைக் கொடுத்தாள். காய்ச்சல் நின்றது, மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்தது. மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டி இன்னும் கொஞ்சம் வாங்கினாள். மறுபடி நின்றது, மறுபடி வந்தது. அவர் இளைத்துக்கொண்டே போனார். நான் போய்ச் சத்தம் போட்டேன்.

“மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் இளைச்சா பெல்ட் உங்களை ரெண்டு சுத்து சுத்தும். கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு.”

ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டார். “பஞ்சு கொஞ்சம் இறங்கியிருக்கு அக்கா. வேற ஒண்ணுமில்ல.”

ஸ்கேனில் அவர் வால்வின் மேல் பாசி மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் சிக்கவில்லை. டாக்டரம்மா, வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். தங்கை கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

“அரைகுறையா குடுத்திருக்கீங்கம்மா. கிருமி சாகல, பதுங்கிடுச்சு.”

திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்த பிறகுதான் அது பிடிபட்டது. “இது எல்லார் வாயிலயும் இருக்கிறதுதான். என் வாயிலயும் இருக்கு, ஒண்ணும் செய்யாது. ஈறு வழியா ரத்தத்துல கலந்தாலும் உடம்பே துடைச்சுப் போட்டுடும். இவருக்கு வால்வுல தழும்பு இருந்ததால அங்க ஒட்டிக்கிட்டுப் பெருகிடுச்சு. ரொம்ப அபூர்வம்.”

“ஆணியாலதானா?” என்று கேட்டேன்.

“இருக்கலாம். பல் தேய்க்கும்போதுகூட உள்ள போகும். அடிச்சுச் சொல்ல முடியாது.”

முதலில் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து, பிறகு புது வால்வு என்று முடிவாயிற்று. கையில் ஊசியோடு படுத்திருந்த மனிதர் பேச ஆரம்பித்தார். ஆணி இல்லாத வாயல்லவா, நிற்கவே இல்லை. நர்ஸ்களுக்கு நாற்காலி வாங்கும் விதம் சொன்னார். டாக்டரம்மாவின் சுழல்நாற்காலி இன்னும் ஒரு வருஷம்தான் தாங்கும் என்றார்.

ஒருநாள் தங்கையிடம் சொன்னார்: “நான் உன்னை முதல்ல பார்த்தன்னிக்கு ஒரு நீலச் சேலை கட்டியிருந்தே. அதே நீலத்துல ஒருத்தர் சோபாவுக்குத் துணி கொண்டுவந்தாரு. மிச்சத் துண்டை எடுத்து வெச்சிருக்கேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“வாயில ஆணி இருந்துச்சு.”

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். “நான் குடுத்த மாத்திரைதானே உங்களை இப்படிப் பண்ணுச்சு?”

அதற்கு அவர் பதில் சொல்லுமுன் மருந்து மாற்ற வந்த நர்ஸ், பார்வை நேரம் முடிந்தது என்று தங்கையை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை தலை சீவிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து சீப்பு நழுவியது. வால்விலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து, ரத்தத்தோடு மூளைக்குப் போய்விட்டது. வலது பக்கம் அசையவில்லை. பேச்சு போய்விட்டது. ஆனால் எதையோ சொல்லத் தவித்தார். தங்கை அவர் முகத்தோடு முகம் வைத்துக் கேட்டாள்.

“தண்ணியா? போர்வையா? அக்காவைக் கூப்பிடணுமா?”

ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை அசைத்தார். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. புது வால்வுக்கு உடம்பு தேறும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தங்கை இப்போது என்னோடு இருக்கிறாள். காய் நறுக்கிக்கொண்டிருப்பவள் திடீரென்று நிறுத்துவாள்.

“அக்கா, பட்டறையில பாதியில கெடந்துச்சே ஒரு சோபா, அதைப் பத்தித்தான் சொல்ல வந்தாரோ?”

“இருக்கும்டி” என்பேன்.

நறுக்கியதைத் தட்டில் தள்ளுவாள். “இல்லக்கா. சோபாவுக்காக அப்படி அழுதிருக்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்குவாள்.