ஏழு நிமிஷம் முந்திய கேட் கடிகாரம்

வடக்குப்பட்டு கோதண்டத்துக்கு ஊரில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரை இன்னும் தெரியாது. கம்பெனி பஸ் டிரைவர். தண்டலம் ஹாஸ்டலில் நாற்பது பெண்களை ஏற்றி, ஆறு மணி ஷிப்டுக்கு ஒரகடத்தில் இறக்க வேண்டும். ஆறு வருஷமாக ஒரு நாளும் பிந்தியதில்லை. ஆனாலும் 2005 கோடையில் தாமதமாக வந்ததாக அவன் பேரில் இரண்டு மெமோ இருந்தது. மூன்றாவது வந்தால் வேலை போச்சு.

எல்லாம் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் ராஜாமணி என்கிற மகா புத்திசாலியின் வேலை. தொழிலாளி என்றாலே சோம்பேறி என்று முடிவு கட்டிய மனுஷர். ஸ்டூல் போட்டு ஏறி, கேட் கடிகாரத்தைத் தம் கையாலேயே ஐந்து நிமிஷம் முன்னால் தள்ளினார். டிரைவர்களும் அதற்கேற்ப முன்னாலேயே கிளம்பினார்கள். உடனே ஏழாக்கினார். ஷிப்ட் விடுவதற்கு மட்டும் அந்தக் கடிகாரம் ஆகாது, அவருடைய கைக்கடிகாரம்தான். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு!

மற்றவர்கள் அந்த ஏழுக்குப் பின்னாலும் ஓடினார்கள். கோதண்டம் அசையவில்லை, ரேடியோ நேரத்துக்குத்தான் வண்டி எடுத்தான்.

"ஏழு நிமிசம் முன்ன எந்திரிச்சா இன்னா கொறஞ்சிடும்? வேல போச்சுன்னா வூட்டுல அடுப்பு எரியாது" என்றாள் பெண்டாட்டி கங்கா.

"அந்தாளு முள்ளத் திருகினா விடிஞ்சிடுமா? பொய்க்கெல்லாம் என்னால எந்திரிக்க முடியாது."

கோதண்டம் வழியில் டீ குடிக்க நிறுத்துகிறான் என்பது ராஜாமணியின் கண்டுபிடிப்பு. கையும் களவுமாகப் பிடிக்க, பஸ்ஸில் ஜிபிஎஸ் பெட்டி மாட்ட வைத்தார். மாட்டிய பையன் பிரசன்னா ஒரு வாரம் கழித்து, கோதண்டத்தையும் வைத்துக்கொண்டே கணக்குத் தாளை நீட்டினான். வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை. கேட்டுக்கு வந்த நேரம் தினமும் 5.55, தப்பினால் 5.56.

"சேட்டிலைட் ஏழு நிமிஷம் ஸ்லோவா ஓடுதுப்பா. எவன் அனுப்பினானோ அவனுக்கு எழுதிச் சரிபண்ணச் சொல்லு" என்றார் ராஜாமணி. சிரிக்காமல்தான் சொன்னார்.

பிரசன்னா விரலை மேலே காட்டினான். "சார், அங்கேருந்து சிக்னல் வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்கறத வச்சுத்தான் பஸ் எங்க இருக்குன்னே தெரியுது. அது வேகமா சுத்துறதால அதுல இருக்கற கடிகாரம் கொஞ்சம் மெதுவாகும். உயரத்துல பூமியோட இழுப்பு கம்மிங்கறதால அதவிட ஜாஸ்தியா வேகமாகும். கூட்டிக் கழிச்சா, ஒரு செகண்ட லட்சம் துண்டாக்கினா அதுல நாலு துண்டுகூட இல்ல, ஒரு நாளைக்கு முந்தும். அதையும் கணக்குப் போட்டுச் சரிபண்ணித்தான் மேல அனுப்பியிருக்காங்க. பண்ணலன்னா ஒரே நாள்ல பஸ்ஸு பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். ஏழு நிமிஷம்லாம் வாய்ப்பே இல்ல சார்."

"அதெல்லாம் ஆகாசத்துல. இங்க கேட் டைம்தான் டைம்."

கோதண்டத்துக்குக் கோபம்கூட வரவில்லை. செகண்டில் ஒரு தூசுக்காக எவனோ ராப்பகலாகக் கணக்குப் போட்டிருக்கிறான். இந்த ஆளோ ஸ்டூல் ஏறி ஏழு நிமிஷத்தைத் திருடிவிட்டு, மேனேஜர் என்று பேர்ப்பலகையும் வைத்திருக்கிறான். அருவருப்புதான் வந்தது.

அன்று மத்தியானமே பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். மறுநாள் மூன்றாவது மெமோ வந்தது.

"தப்புன்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடு. எம்.டி.கிட்ட பேசி வேலைய காப்பாத்தித் தர்றேன்" என்றார் ராஜாமணி, தருமப்பிரபு மாதிரி.

வந்த நேரம் 6.02 என்று மெமோவில் டைப் அடித்திருந்தது. கோதண்டம் பேனாவை வாங்கினான். 6.02-ஐக் கோடு போட்டு அடித்தான். பக்கத்தில் 5.55 என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பஸ் சாவியை அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான்.